ஆகாயத்துக் கண் மட்டும் போதுமா?

ஏரித் தண்ணீர் கெட்டுப் போனதைத் தெரிந்துகொள்ள இனி மனிதன் கரைக்குப் போக வேண்டியதே இல்லை என்று சிலர் பெருமையோடு சொல்லித் திரிகிறார்கள். செயற்கைக்கோள் படம் எடுக்குமாம். யந்திரம் அதைப் படித்துப் ‘பாசி’ என்று தீர்ப்புச் சொல்லுமாம்! இந்தச் சோம்பலுக்கு விஞ்ஞானம் என்று பெயர் சூட்டுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை, விஞ்ஞானத்தோடு அல்ல.

விஞ்ஞானம் செய்திருப்பது பெரிய காரியம். 2015 முதல் ஐரோப்பியர்கள் அனுப்பிவரும் சென்டினல்-2 கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை கல்வராயன் மலைக்கு மேலும் கடந்து போகின்றன. அவற்றின் படங்களை எவரும் காசில்லாமல் பெறலாம். பாசியின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். பாசி மிதக்கும் நீரோ கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் யந்திரம் கணக்குப் போடுகிறது. கோமுகி அணை போன்ற அகன்ற நீர்ப்பரப்புக்கு இது நல்ல காவல்தான்; மறுக்கவில்லை.

ஆனால், மலையடிவாரத்துக் குட்டைக்கு? பத்து மீட்டர் சதுரம் அந்தக் கண்ணுக்கு ஒரு புள்ளி. முப்பது மீட்டர் குட்டை, சரியாக அமைந்தால், ஒன்பது புள்ளி. சுற்றியுள்ள எட்டிலும் கரையின் சாயல் கலந்துவிடும். மிஞ்சுவது நடுவில் ஒன்றே ஒன்று! மாடு தண்ணீர் குடிப்பதோ அந்தக் கரையோரத்தில்தான்.

இன்னொன்று: யந்திரம் எந்த ஏரியில் பாடம் படித்ததோ அந்த ஏரியின் பாடத்தைத்தான் ஒப்பிக்கும். அமெரிக்காவின் ஈரி ஏரியில் படித்த யந்திரம், ஆகாயத்தாமரை மூடிய நம் ஏரியைப் பார்த்துப் ‘பாசி’ என்று கூச்சலிட்டால் அதன்மேல் குற்றமில்லை. நம் நீரை மொண்டு சோதித்து அதற்குக் கற்றுக்கொடுக்காத நம்மேல்தான் குற்றம்.

நிறம் வேறு, நஞ்சு வேறு. நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சைக் கக்குபவை. காய்ச்சினாலும் அது போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் நான்கு லட்சம் பேர் ஏறக்குறைய மூன்று நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். அங்கே உண்மையைச் சொன்னது ஆகாயமல்ல. சோதனைச்சாலையில் இருந்த தண்ணீர்.

கோமுகியில் நஞ்சு இருக்கிறது என்று நான் பயமுறுத்த வரவில்லை. அணையின் முழு மட்டம் 46 அடி. இன்று எத்தனை அடி என்று ஆவலோடு விசாரிக்கிறோமே, எப்படிப்பட்ட தண்ணீர் என்று ஏன் விசாரிப்பதில்லை?

2019-ல் பிறந்த மாவட்டம் கள்ளக்குறிச்சி. பழைய வழக்கங்களைக் கட்டி அழ வேண்டிய அவசியம் அதற்கில்லை. கோடையில் வாரம் ஒரு புட்டித் தண்ணீர் எடுத்துச் சோதிக்கட்டும். கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். முடிவைத் தமிழில் எழுதிக் கரையில் பலகை வைக்கட்டும். படத்தையும் புட்டியையும் ஒப்பிட்டால்தான் யந்திரத்துக்கும் புத்தி வரும்.

பிறகும் வேலை இருக்கிறது. பாசிக்குச் சோறு போடுவது சாக்கடையும், வயலில் மிஞ்சி ஓடிவரும் உரமும். அவற்றைத் தடுக்க எந்தக் கோளும் இறங்கி வராது, ஐயா! நாம்தான் வரப்பில் இறங்க வேண்டும்.