சபூர் செய்யச் சொல்ல நாம் யார்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. மூன்று மாதமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். கோபம் வந்தால் கொமண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் பாதியில் விட்டுவிட்டு ஏசாதீர்கள், கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன நோன்புக்கு முன்னர் எனது பெரியம்மா, உம்மாவின் மூத்த ராத்தா, வபாத்தானார். மார்பில் தொடங்கிய புற்றுநோய் முள்ளந்தண்டுக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருந்தது. இனி நோயைக் குணப்படுத்த முடியாது என்று வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் மோர்பின் குளிசை எழுதிக் கொடுத்தார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று பக்கற்றில் தெளிவாக எழுதியிருந்தது.

அந்தப் பக்கற்றை நாங்கள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். கடைசிப் பத்தொன்பது நாளும் பெரியம்மாவுக்குக் கிடைத்தது பனடோல்.

பூட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவருக்காக இரவிரவாக விழித்திருந்தவர்கள்தான். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

மாமா சொன்னார்: "அது தூள்காரன்ட சாமான். நம்மட வீட்டுக்குள்ள வேணாம்."

சாச்சி சொன்னார்: "அதக் குடுத்தா மயங்கிருவா. கடைசி நேரத்தில கலிமா நாவில வராது."

அடுத்த வீட்டு மாமி சொன்னார்: "மோர்பின் குடுத்தா கணக்கு முடிஞ்ச மாதிரித்தான்."

நோய் விசாரிக்க வந்த ஒரு பெரியவர் சொன்னார்: "வலி பாவத்தக் கழுவும். சபூர் செய்யச் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. கலாசாலையில் படித்து, பாடசாலையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தஹஜ்ஜுத் நேரம், பெரியம்மா எனது கையைப் பிடித்துக் கேட்டார்: "புள்ள, டொக்டர் தந்த குளிசை முடிஞ்சா?"

"ஓ பெரியம்மா, முடிஞ்சி" என்றேன்.

அலுமாரி அவருடைய கட்டிலில் இருந்து நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது.

இந்தப் பொய்யை ஊருக்கு முன்னால் சொல்லக் காரணம் உண்டு. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை இப்படிப் பூட்டிய அலுமாரிகள் இன்னும் இருக்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே அந்த நாலு காரணத்துக்கும், அன்றைக்கு நான் சொல்லாத பதிலை இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலாவது, தூள். ஐஸும் தூளும் நமது பிள்ளைகளை அழிப்பதைப் பார்த்துப் பயப்படுகிறோம். அந்தப் பயம் நியாயம். ஹெரோயினை மோர்பினில் இருந்துதான் செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் தூள் அடிக்கிறவன் குடும்பத்தை மறப்பதற்கு அதை எடுக்கிறான். பெரியம்மா கேட்டது எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு கதைப்பதற்கு. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனிதன் அதற்கு அடிமையாவது வேறு. பழகிய மருந்தை நிறுத்த வேண்டி வந்தால் டொக்டர் படிப்படியாகக் குறைப்பார். மேலும் வாரக்கணக்கில் வாழ்நாள் எஞ்சியிருக்கும் ஒரு மூதாட்டி அடிமையாகிவிடுவார் என்று பயந்தோமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இரண்டாவது, கலிமா. மோர்பின் தொடங்கிய முதல் சில நாட்கள் தூக்கம் வரும், குமட்டும். அது பெரும்பாலும் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் கூடவே இருக்கும், அதற்கும் மருந்து உண்டு. வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் தெளிவாக இருப்பார். கொடுக்காமல் விட்டதால் எங்கள் வீட்டில் நடந்தது என்ன? படுத்த படுக்கையில் சைகையால் தொழுதுவந்த பெரியம்மா, கடைசியில் தயம்மும் செய்யக்கூட ஏலாமல் கிடந்தார். கடைசி மூன்று நாளும் அவர் நாவில் வந்தது "உம்மா" என்ற ஒரு சொல் மாத்திரம். கலிமாவைத் தடுத்தது மருந்தா, வலியா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது, மோர்பின் கொடுத்தால் மௌத்து. இது தலைகீழான கதை. நோய் முற்றிய பிறகுதான் பலருக்கு மோர்பினே கொடுக்கப்படுகிறது. அதனால் அதைக் குடித்தவர்கள் மௌத்தாவதைப் பார்த்துவிட்டு, மருந்துதான் கொன்றது என்கிறோம். அளவு தவறினால் ஆபத்தான மருந்துதான், மறுக்கவில்லை. ஆகவே டொக்டர் சொன்ன அளவைக் கூட்டவும் கூடாது, பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது. ஆனால் டொக்டரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கிற மோர்பின் மௌத்தை அவசரப்படுத்துவதில்லை. புற்றுநோய் வலிக்கு எந்தப் படியில் எந்த மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டே வழிகாட்டி வெளியிட்டது. கடும் வலிக்கு அதில் உள்ள மருந்து மோர்பின்.

நாலாவதுதான் முக்கியம், சபூர்.

முள் குத்தினாலும் அதற்காக முஃமினின் பாவம் மன்னிக்கப்படும் என்ற கருத்துள்ள ஹதீஸை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த ஹதீஸைக் கேட்டுவிட்டு, காலில் குத்திய முள்ளை எடுக்காமல் நடக்கிறவர் நம்மில் யார்? நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான், வைத்தியம் செய்யுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள்தானே சொன்னார்கள்.

பயான்களில் உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் சம்பவத்தைச் சொல்வார்கள். காலை வெட்டி எடுக்கும்போது அறிவை மயக்கும் எதையும் குடிக்க மறுத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கேட்க மயிர் கூச்செறியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது அவர்களுடைய கால், அவர்களுடைய முடிவு. இன்னொருவரின் காலை வெட்டும்போது மருந்தைப் பிடுங்கிக்கொண்டு "நீ சபூர் செய்" என்று அவர்கள் சொல்லவில்லை. சபூர் என்பது வலிக்கிறவர் செய்கிற அமல். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவர் அடுத்தவருக்காகச் செய்ய முடியாது. பெரியம்மா மறுத்திருந்தால் அது சபூர். அவர் கேட்டார், நாம் கொடுக்கவில்லை. அதற்கு வேறு பெயர்.

மார்க்கத்தில் இடமில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் வபாத்தானவர்கள். அழுகிய கையை வெட்டுவதற்கு மயக்கம் தரும் மூலிகையைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அவர்களுடைய ரவ்ழா என்ற நூலில் வருகிறது. இரண்டு கருத்துகளைக் காட்டி, கூடும் என்பதே சரியான கருத்து என்று அவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்து காட்டியது 1846ஆம் ஆண்டில். அதற்கு ஐந்நூறு வருடத்துக்கும் மேல் முந்தியது நமது இமாமின் தீர்ப்பு. நாம் எப்போது பின்னுக்குப் போனோம்?

இன்னொரு உதாரணம், நமது வீட்டுக்குள்ளேயே. வாப்பாவின் காலத்தில் ஒஸ்தா மாமா வந்துதான் சுன்னத்துச் செய்வார். விறைப்பு ஊசி கிடையாது. பிள்ளை கத்துகிற சத்தம் வெளியே கேட்காமல் பெரியவர்கள் உரத்து சலவாத்துச் சொல்வார்களாம். இன்றைக்கு நமது மகனுக்கு விறைப்பு ஊசி போடாமல் செய்ய விடுவோமா? "ஊசி போட்டால் பிள்ளையின் சபூர் கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னார்களா? பல்லுப் பிடுங்கவும் ஊசி கேட்கிறோம். எலும்பைப் புற்று அரிக்கிற உம்மாவுக்கு மட்டும் ஏன் சபூர் பாடம்?

இது நமது ஊர்க் குற்றம் மட்டும் இல்லை. 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் ஒரு வருடத்தில் விநியோகமாகும் மோர்பின் வகை மருந்து 298.5 தொன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 தொன். அங்கே கொடுக்க மருந்து இல்லை. எங்கள் வீட்டில் மருந்து இருந்தது, அதுவும் இலவசமாக. பூட்டுப் போட்டது நாங்கள்.

கடல் தாண்டிக் கேரளாவைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993இல் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரணக் கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். அது அயல் மாவட்டமான மலப்புறத்துக்குப் பரவியது. நம்மைப் போல முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் அது. அங்கே ஊர் மக்களே தொண்டர்களாகி, நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிறார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அவர்களுக்கும் நமக்கும் ஒரே கலிமாதான்.

நமது ஊரில் ஜனாஸாவுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. சந்தூக்குத் தயார், வாகனம் தயார், கபுறு வெட்டப் பொடியன்மார் தயார். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். ஆனால் மௌத்தாவதற்கு முந்திய பத்தொன்பது நாளுக்கு யார் தயார்?

ஆகவே மூன்று வேண்டுகோள்.

மௌலவிமாரே, ஒரு ஜும்ஆ குத்பாவில் இதைப் பேசுங்கள். நீங்கள் ஒரு தடவை சொன்னால் பல அலுமாரிகள் திறக்கும்.

ஜனாஸா நலன்புரிச் சங்கங்களே, சேரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். கிளினிக்குக்குத் துணைக்குப் போக, முடிந்த மருந்தை எடுத்து வர இரண்டு ஆட்களை வையுங்கள்.

வீட்டில் நோயாளி உள்ளவர்களே, "வலி பத்துக்கு எத்தனை?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை நம்புங்கள். அதை டொக்டரிடம் சொல்லி, மருந்தைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மருந்து எழுதியவரிடம் கேளுங்கள், நோய் விசாரிக்க வந்தவரிடம் கேட்காதீர்கள்.

நாற்பதாம் நாள் முடிந்த பிறகு அலுமாரியைத் திறந்தேன். குளிசைகள் எண்ணிக்கை குறையாமல் அப்படியே கிடந்தன. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் குடிக்கல்லயா?" என்று கேட்டார். அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதில்தான் இந்தப் பதிவு. பெரியம்மாவுக்காக துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.