அளவும் அமானிதமே

1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதியில் தகடு தட்டும் ஓசை நமக்குப் பழகியதே. அவ்வாறு தகடு வளைத்து, தன் ஹிமாலயன் மோட்டார் சைக்கிளுக்குக் கருவிப்பெட்டி செய்ய உங்கள் பிள்ளை விரும்பினால் தடுக்காதீர்கள். 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஏற்றது. கனமான ஸ்பேனர்கள் அடியில், வண்டியை ஒட்டி இருக்கட்டும். இருபுறமும் எடை சமமாகட்டும். அதிர்வில் கழலாதிருக்க நைலாக் நட்டு இடச் சொல்லுங்கள். சாலையில் கழன்று விழும் பெட்டி, பின்னால் வருபவரின் உயிரையே பறிக்கக்கூடும்.

நபி தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்த அல்லாஹ், கவச வளையங்களைச் சரியாக அளந்து செய்யுமாறு பணித்ததைத் திருமறையின் 34ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. எவர் கண்ணிலும் படாத நட்டிலும் நேர்மை இருக்கட்டும், அதுவும் அமானிதமே.