மலையேறும் வண்டியும் ஒழுகும் நீரும்

சேர்வராயன் மலைமேல் நிலமுடையோர்க்கு மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. மண்வெட்டியும் கவாத்துக் கத்தியும் போல அதுவும் ஒரு விவசாயக் கருவியே யாகும். சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு வழி ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆயினும் அவ்வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சேலத்தின் மட்டத்தினின்று சுமார் 1,200 மீட்டர் உயரம் வண்டி ஏறவேண்டியிருக்கிறது. அதற்கப்பால் தலைச்சோலை முதலிய மலைக்கிராமங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் செல்லும் பாதைகள் பல குறுகியவை, செங்குத்தானவை. மகீந்திரா கம்பெனியார் 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபின், அவ்வினத்து வண்டிகள் இத்தகைய பாதைகளுக்கு ஏற்றவையென மலைநாட்டாரால் விரும்பி ஏற்கப்பட்டன. அவற்றில் வயது முதிர்ந்தவை இன்றும் தோட்டங்களில் உழைத்து வருகின்றன.

இவ்வண்டிகளுக்கு உண்டாகும் நோய்களுள் மிகச் சாதாரணமானது, இஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஒழுகிப் போவதே. இதற்குப் பலர் கண்ட பரிகாரம், வண்டியில் ஒரு குடம் நீரை எப்போதும் வைத்திருந்து, குறையுந்தோறும் ஊற்றிக் கொள்வதாகும். இஃது பரிகாரமன்று என்பதே நமது அபிப்பிராயம். வரப்பில் நண்டு வளை விழுந்து நீர் கசிவதைக் கண்ட விவசாயி, மடையை இன்னும் சற்றுத் திறந்துவிட்டு வீடு திரும்புவதில்லை. வளையைத் தேடி அடைத்த பின்னரே திரும்புகிறான். வயலில் காட்டும் அவ்விவேகத்தை வண்டியினிடத்தும் காட்டவேண்டும். ஒழுகும் இடத்தை நாமே கண்டறிதல் வேண்டும். வீட்டில் செய்யத்தக்கதை வீட்டில் செய்தல் வேண்டும். தகாததைப் பட்டறைக்கு அனுப்புதல் வேண்டும். இம்மூன்றையும் அறுவடைக்கு முன்னரே முடித்தல் வேண்டும்.

காலத்தை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைப் பயிரிட்டார். அன்று தொடங்கிய அரபிக்காப் பயிரின் பழம் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரையில் பறிக்கப்படுகிறது. பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்கும் இயந்திரத்தில் இடவேண்டும். மூட்டையிலேயே இரவு தங்குமாயின் அது புளித்து, கொட்டையின் குணம் கெடுகிறது. பத்து ரூபாய்ச் சாமானைப் போன்ற ஒரு சிறு கிளிப்பு தளர்ந்தமையால் வண்டி வழியில் நின்றுபோனால், நஷ்டம் அந்தக் கிளிப்போடு நில்லாது. நோயாளியை இறக்கிச் செல்லும் வண்டியும் அதே வண்டிதான் என்பதைக் கிராம அதிகாரிகள் நன்கறிவர்.

மலையில் இப்பழுது ஏன் அதிகத் துன்பம் தருகிறது? உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சமவெளியில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏற்காட்டின் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தை நிறுத்திவைத்து நீரின் கொதிநிலையை உயர்த்தும் ஒரு வால்வு ஆகும். பழைய வண்டிகளில் அம்மூடி 4 அல்லது 7 பவுண்டு அழுத்தத்திற்கு அமைந்திருக்கும். 4 பவுண்டு மூடியே கொதிநிலையை ஏறக்குறைய 7 டிகிரி உயர்த்தவல்லது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ, குழாயில் கசிவு இருந்தாலோ அழுத்தம் நில்லாது. நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். மேலும், முதல் கியரில் மெல்ல ஏறும் வண்டிக்கு எதிர்காற்றும் குறைவு. ஆகவே சேலத்துத் தெருவில் தெரியாத சிறு கசிவு, பத்தாவது வளைவுக்குமேல் பெருங்கேடாகத் தோன்றுகிறது.

கசிவைத் தேடுவதற்குத் தகுந்த காலம் அதிகாலை. இஞ்சின் முற்றும் ஆறியிருத்தல் அவசியம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்போர் முகமும் கையும் வெந்துபோவர். முந்தின இரவு வண்டியின்கீழ் ஒரு பழைய அட்டையை விரித்துவைத்தால், எவ்விடத்தில் சொட்டு விழுந்ததென்பது காலையில் விளங்கும். பின்னர் ரேடியேட்டரிலிருந்து இஞ்சினுக்குச் செல்லும் மேல், கீழ் ரப்பர்க் குழாய்களையும், அவற்றின் கிளிப்புகளையும், அடியிலுள்ள வடிகுழாயையும், வாட்டர் பம்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்வையிடுக. நீர் உலர்ந்துபோன இடத்தில் வெண்மையாகவோ, பச்சையாகவோ, துருநிறமாகவோ கறை படிந்திருக்கும். அக்கறையின் மிக உயர்ந்த முனையே கசிவின் பிறப்பிடம், கீழே சொட்டுமிடமன்று.

கிளிப்பு தளர்ந்திருந்தால் திருப்புளியால் அளவாக முடுக்குவது போதும். அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் ரப்பர் அறுபடும். குழாயை விரல்களால் அழுத்திப் பார்க்கையில் கூழ்போல் குழைந்தாலும், வெடிப்புகள் காணப்பட்டாலும் அதனை மாற்றிவிட வேண்டும். ஒரு குழாய் கெட்டிருந்தால் அதே வயதுடைய மற்றதும் கெடும் தறுவாயிலிருக்கும்; இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் சிக்கனமாகும். ஒட்டிக்கொண்ட பழைய குழாயைப் பலங்கொண்டு இழுக்கலாகாது. ரேடியேட்டரின் பித்தளைக் கழுத்து ஈயப்பற்றிலிருந்து பெயர்ந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி எடுப்பதே முறை. மூடியை மாற்றும்போது, பழைய மூடியின்மேல் பொறித்துள்ள அழுத்த எண்ணையே கேட்டு வாங்கவேண்டும். அதிக எண்ணுள்ள மூடி நல்லதென எண்ணிப் பூட்டினால் பழைய ரேடியேட்டர் பிளந்துபோகும். இவையெல்லாம் சாதாரண ஸ்பானரும் திருப்புளியும் கொண்டு வீட்டு வாயிலில் செய்யத்தக்கவை.

வீட்டில் செய்யத்தகாதவையும் உண்டு. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் நீர் சொட்டினால் அதன் உட்சீல் தேய்ந்துவிட்டதென்று அறிக. பம்பைக் கழற்றப் பழகாதோர் அதைப் பட்டறைக்கே விடுவது நலம். ரேடியேட்டரின் செம்புக் குழல்களில் ஓட்டை விழுந்தால், கைதேர்ந்தவர் பற்றவைக்க வேண்டும். பழகாத கையில் தீ ஓர் இணைப்பை மூடும்போதே பக்கத்து இணைப்பை உருக்கிவிடும். இஞ்சின் எண்ணெய் பால்கலந்தது போல் வெளுத்திருந்தாலும், இஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழுந்தாலும், வெளியே கசிவு காணாமலே நீர் குறைந்துவந்தாலும் ஹெட் கேஸ்கட்டில் பழுதெனச் சந்தேகிக்க வேண்டும். அந்நிலையில் வண்டியை மலையேற்றவே கூடாது.

இங்கே ஒரு வழக்கத்தைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டர் ஒழுகினால் அதில் மஞ்சள்தூளைக் கொட்டும் பழக்கம் நமது ஓட்டுநரிடையே நெடுநாளாக உள்ளது. கடைகளில் விற்கும் அடைப்புப் பொடியும் இதே வகையைச் சேர்ந்தது. தூள் ஓட்டையைச் சென்றடைந்து அடைப்பது உண்மையே. ஆனால் ஓட்டை எது, நீர் செல்லும் நுண்குழல் எது என்ற பேதம் தூளுக்குத் தெரியாது. கசிவு நின்றுவிட்டதென மகிழ்ந்திருக்கையில், குழல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு இஞ்சின் சூடேறத் தொடங்கும். காட்டுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க மஞ்சளைப் பயன்படுத்தினால் குற்றமில்லை. வீடு சேர்ந்த மறுநாளே ரேடியேட்டரைக் கழுவி, உண்மையான பழுதை நீக்கவேண்டும். அவ்வாறே, நமது நாடு வெப்பநாடென்று காரணங்கூறித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. அதனால் இஞ்சின் உரிய சூட்டை அடைவதற்கு நெடுநேரமாகி, தேய்மானமும் எரிபொருட் செலவும் மிகுகின்றன.

பழுது நீங்கியபின் ஊற்றும் நீரிலும் கவனம் வேண்டும். கிணற்றுநீரும் ஆழ்துளைநீரும் உப்புச்செறிவுள்ளவையாயின் உட்புறத்தில் காரை படியும். வாலைநீரில் கூலண்டைக் கலந்து ஊற்றுவதே உத்தமம். கலவையின் அளவு டப்பாவின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். மலையில் நீர் உறையும் அச்சம் இல்லையே, கூலண்டு எதற்கென்று கேட்பாருளர். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஊற்றியபின் மூடியைத் திறந்தபடியே இஞ்சினைச் சற்று ஓடவிட்டு, உள்ளடங்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்க இறங்க நிரப்பி, நீர் சூடேறிப் பொங்குமுன் மூடுக.

கூலண்டில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் அடங்கியுள்ளது. அது இனிப்பாயிருத்தலால் நாய்களும் கால்நடைகளும் நக்கிப் பருகி மாண்டுபோகும், குழந்தைகளுக்கும் ஆபத்தே. வடித்த பழைய நீரைப் பாத்திரத்தில் பிடித்து மூடிவைத்து, பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். ஓடையில் கவிழ்ப்பது பெருங்கேடு. சேர்வராயன் மலையின் ஓடைகள் கீழே பல ஊர்களின் நீராதாரமாக ஓடுகின்றன.

வழியில் சூடேறிவிட்டால் வளைவில் நிறுத்தாமல், அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துக. குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுக. கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். நீர் மிகவும் குறைந்துவிட்டால் சூடுகாட்டும் முள் ஏறாமலே தாழ்ந்து நிற்பதும் உண்டு, முள்ளைமட்டும் நம்பலாகாது. சக்கரத்திற்கு முட்டுக்கொடுத்த கல்லைப் புறப்படும்போது பாதையில் விட்டுச் செல்வது, பின்வருவோரின் உயிருக்கு உலைவைப்பதாகும்.

பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதே அறிவுடைமையென்று சிலர் கூறலாம். சிறு நிலக்காரர் எல்லோருக்கும் அது இயலாது. மேலும் புதிய வண்டியும் ஒருநாள் பழையதாகும்; அதன் குழாயும் ரப்பரே. வேறு சிலர், இது மெக்கானிக்கின் வேலை, நமக்கேன் என்பர். மெக்கானிக் சேலத்திலிருக்க, வண்டி மலைமேல் நிற்குமாயின், அவ்வாதம் எவ்வளவு தூரம் பயன்படும்? நோயின் இருப்பிடத்தை அறிந்து செல்பவனுக்குப் பட்டறையிலும் செலவு குறைவு.

ஆகையால் கிராம அதிகாரிகளுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. மழை ஓய்ந்து பறிப்புத் தொடங்குமுன், ஊர்தோறும் வண்டியுடையோரை ஒருநாட் காலையில் கூட்டி, குழாய், கிளிப்பு, மூடி ஆகியவற்றைப் பார்வையிடச் செய்யலாம். வேளாண்மைப் பொறியியல் துறையார் இயந்திரப் பராமரிப்புக்கு நடத்தும் பயிற்சிகளில் இதனையும் சேர்க்கும்படி கேட்கலாம். வளைவுப் பாதைகளில் தக்க இடங்களில் நல்லநீர்த் தொட்டி அமைப்பது சாலச் சிறந்த தருமமாகும். ஆயினும் தொட்டியை நம்பிக் கசிவை வளர்ப்பது நன்றன்று. பறிப்புக் கூடைகளைச் செப்பனிடும் அதே வாரத்தில் வண்டியின் குழாய்களையும் செப்பனிடுவதை ஒவ்வொரு தோட்டக்காரரும் வழக்கமாகக் கொள்வாராக.