உப்பளத்தில் உயர்வு யாருக்கு?

சமூகத்தில் மேற்படி, கீழ்ப்படி என்னும் வேற்றுமை எவ்வாறு நிலைபெறுகிறது, கீழ்ப்படியில் பிறந்தவர் மேலேறுவது எத்துணை அரிது என்பவற்றை அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பிட்ரிம் சொரோகின் என்பார் 1927-இலேயே இதுபற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் வரையில் சென்றால் போதும்.

கழுவெளியை அடுத்து விரிந்து கிடக்கும் அந்த உப்பளங்களில் தை, மாசி முதல் ஆவணி, புரட்டாசி வரையில் வேலை நடக்கும். பாத்தி மிதிப்பவர், வாரு பலகையால் உப்பை இழுத்து வரப்பில் கூட்டுபவர், கூடையில் சுமந்து அம்பாரத்திற் கொட்டுபவர் என்று குடும்பம் குடும்பமாக உழைக்கின்றனர். வெள்ளை உப்பிற் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உவர்நீர் பாதத்தைப் பிளக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். தை பிறக்கும் வரையில் அளத்தில் கூலி இல்லை.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். மழைக்காலத்தில் புதிய உப்பு விளையாது. ஆகவே, முன்பே விளைந்து கீற்று வேய்ந்த அம்பாரத்தில் கிடக்கும் உப்புக்கு விலை ஏறுகிறது. அளத்தைக் குத்தகைக்கு எடுத்து, சரக்கைக் காத்து வைக்கும் வசதியுள்ளவர் அவ்விலையைப் பெறுகிறார். அதே உப்பை வாரிச் சுமந்தவரோ அம்மாதங்களில் அரிசிக்குக் கடன் வாங்குகிறார். அக்கடன் அடுத்த பருவத்துக் கூலியில் கழிகிறது. ஒரே மழை ஒருவருக்கு இலாபமாகவும் மற்றொருவருக்குக் கடனாகவும் மாறுகிறது. இவர்களுள் ஒருவர் அறிவாளி, மற்றவர் சோம்பேறி என்று எவரேனும் கூறத் துணிவரா? சரக்கு யாருடையது என்பதொன்றே வேறுபாடு.

உப்பின் வரலாறு நம் நாட்டில் பெருமைக்குரியது. 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்ததை யாவரும் அறிவர். 1947 ஏப்ரல் முதல் தேதியுடன் உப்பு வரி ஒழிந்தது. மறு ஆண்டில், 10 ஏக்கர் வரையிலான அளத்தில் தனியாரும் கூட்டாகச் சேர்ந்தோரும் உரிமம் இன்றியே உப்பு விளைவிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்புத்தான். ஆனால் உரிமம் வேண்டாம் என்றதனால் நிலம் கிடைத்துவிடுமா? வரப்பு வெட்டவும், நீர் இறைக்கவும், விலை வரும்வரை சரக்கை வைத்துக்கொண்டு உண்ணவும் முதல் வேண்டாமா? கதவு திறந்தது உண்மை. வாசற்படி உயரமாகவே இருந்துவிட்டது.

நிற்க. உழவர் அங்கத்தினர்களுக்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. நம் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு 1916-இல் சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர் ஆராய்ந்த ஊர்களுள் ஒன்று. அதன்பின் 2008 வரையில் பன்முறை அவ்வூரை அறிஞர் மீண்டும் ஆராய்ந்தனர். பெருநிலக்கிழார் குடும்பம் ஒன்றின் கை ஓங்கி, பண்ணையாட்கள் கட்டுண்டு கிடந்த ஊர் அது. 2008-இல் அப்பிடி தளர்ந்திருந்தது. இன்னாரிடமே உழைக்க வேண்டும் என்னும் நிலை நீங்கியது சிறிய மாறுதல் அன்று. அதைச் சிறிதென்போர் பண்ணையாளாக இருந்ததில்லை. ஆயினும் உழவுக்கு வெளியே கிடைத்த வேலையும் பெரும்பாலும் நிலையற்ற கூலி வேலையாகவே இருந்தது. கட்டு அவிழ்வது வேறு, படி ஏறுவது வேறு.

2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஏழைக் குடும்பம் ஒன்றின் வழித்தோன்றல்கள் நாட்டின் சராசரி வருவாயை எட்ட டென்மார்க்கில் 2 தலைமுறை போதுமாம். இந்தியாவில் 7 வேண்டுமாம். ஏழு தலைமுறை என்பது நம்மவர் சொத்துச் சேர்ப்பதற்குச் சொல்லும் கணக்கு. வறுமைக்கும் அதுவே கணக்காக வந்திருக்கிறது.

"பிள்ளைகளைப் படிக்க வைத்தால் அளத்தை விட்டுப் போய்விடுவார்கள்" என்பர் சிலர். படிக்கட்டும், போகட்டும், மகிழ்ச்சியே. ஆனால் ஒருவர் விட்டுச் சென்ற வாரு பலகையை வேறொருவர் எடுக்கத்தான் செய்வார். நாட்டுக்கு உப்பு வேண்டுமே. வெளியேறியவர்களை எண்ணி ஒரு கடற்கரை உயர்ந்தது என்று கூறுவது முறையன்று. அங்கேயே உழைப்பவர் உயர்ந்தாரா என்பதே நம் கேள்வி. 2022-இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது வரவேற்கத் தக்கதே. மூன்று மாதப் பசிக்கு அது எத்தனை நாள் வரும் என்பதை வீட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். குழித்தறியில் நீர் ஊறி, பாவு காயாமல் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை அவர்களுக்கும் துன்பக் காலமே. ஆயினும் அவர்களுக்குச் சங்கம் உண்டு. 1935 முதல் துணியை விற்றுத் தரக் கோ-ஆப்டெக்ஸ் உண்டு. 1975-இல் வந்த சேமிப்பு, பாதுகாப்புத் திட்டமும் உண்டு. சங்கங்களிலும் நாற்காலியில் அமர்வோரும் நூலுக்குத் திண்ணையிற் காத்திருப்போரும் இருக்கின்றனர் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் காத்திருப்பவருக்கும் அங்கே ஒரு வாக்கு இருக்கிறது.

ஆகவே, அளங்களின் குத்தகை புதுப்பிக்கப்படும் பொழுது, அவற்றில் உழைப்போர் அமைக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலிடம் அளிக்க வேண்டும் என்பது நம் கருத்து. விளைந்த உப்பை ஈடாக ஏற்று முன்பணம் தர மத்தியக் கூட்டுறவு வங்கிகள் முன்வர வேண்டும். அப்பொழுதுதான் சரக்கு மழைக்கால விலையைக் காணும் வரை உழைத்தவருடையதாக இருக்கும். பங்குத் தொகையைப் பருவக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளலாம். நெசவாளருக்கு இம்முறை புதியதன்று. சம்பா நடவுக்கு ஆள் தேடும் உழவர் சங்கங்கள், அளம் மூடிய மாதங்களில் இவர்களை இடைத்தரகரின்றி அழைக்கலாம். இன்னொன்று: அளத்திற் கூடை சுமப்பவரிற் பெரும்பாலோர் பெண்கள். அங்கத்தினர் பதிவேட்டில் அவர்கள் பெயர் தனியே எழுதப்பட வேண்டும். கணவர் பெயருக்கு அடியில் அன்று.