காற்றின் குற்றமா?

பெருங்காற்றில் சிக்கி ஆகாய விமானம் விழுந்தது என்ற செய்தி வந்தால், 'விதியின் செயல்' என்று சொல்லி ஓய்ந்துவிடுவோர் நம்மில் பலர். இவ்வபிப்பிராயத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

காற்றின் வேகம் ஒன்றே விமானத்துக்குச் சத்துரு அன்று. விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைகளைத் தழுவி ஓடும் காற்றுதான். எதிர்க்காற்று ஒரே சீராக வீசுமாயின் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் துணையே செய்யும். அது திடீரென்று மாறுவதில்தான் அபாயம் இருக்கிறது. இடிமேகத்தினின்று சில வேளைகளில் காற்று அருவிபோல் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாற்புறமும் சிதறுகிறது. அதனுள் புகும் விமானத்தை முதலில் எதிர்க்காற்று உயர்த்துகிறது. அடுத்து மேலிருந்து பாயும் காற்று அழுத்துகிறது. பின்காற்று வந்து தாக்கியதும் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கின்றன. தரை சமீபித்துவிட்டால் சமாளிக்க அவகாசம் ஏது?

1975 ஜூன் 24-ஆம் தேதி நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் நிகழ்ந்தது இதுவே. முன்னதாக இறங்கிய சரக்கு விமானி ஒருவர், காற்று பொல்லாததாயிருக்கிறது, ஓடுபாதையை மாற்றுங்கள் என்று எச்சரித்தார். தரையிலிருந்த கருவியோ காற்று பாதைக்கு நேரே வீசுவதாகக் காட்டிற்று. பாதை மாறவில்லை. பின்னால் வந்த மற்றொரு விமானி இறங்கும் முயற்சியைக் கைவிட்டு விலகிச் சென்றார். அவரை நம்பி ஏறியவர்கள் பிழைத்தார்கள். அப்பொழுதும் பாதை மாறவில்லை. சற்று நேரத்தில் அங்கு இறங்க வந்த ஈஸ்டர்ன் கம்பெனியின் 66-ஆம் எண் விமானம் தரையில் மோதியது. அதிலிருந்த 124 பேரில் 113 பேர் மாண்டனர். அப்பாதையைத் தொடர்ந்து உபயோகித்ததும் விபத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணையில் கண்டார்கள்.

ஜப்பானில் பிறந்து சிக்காகோ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த டெட்சுயா புஜிட்டா, இவ்விபத்தைத் துருவி ஆராய்ந்து அக்காற்றின் இயல்பை விளக்கினார். நிபுணர் பலர் முதலில் ஐயுற்றனர். 1985 ஆகஸ்ட் 2-ஆம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தருகே அதே விதமான காற்றுக்கு 137 உயிர்கள் பலியான பிறகுதான், நிலையங்களில் விசேஷ ராடார்களும் விமானங்களில் எச்சரிக்கைக் கருவிகளும் அமைக்கும் காரியம் வேகம் பெற்றது. அறிவு முன்னரே கிடைத்திருந்தது, செயல் பிந்தியது.

கருவிகள் பெருகியது நன்றே. ஆயினும் கருவி எச்சரிக்கத்தான் செய்யும். திரும்ப வேண்டியவன் மனிதன். எரிபொருள் கணக்குப் பார்க்கும் கம்பெனியும், ஒரு மணி நேரத் தாமதத்துக்குச் சினந்து கூச்சலிடும் பிரயாணியும் அம்மனிதனின் கையைக் கட்டுகிறார்கள். இறங்காமல் திரும்பும் விமானியைக் கோழை என்பது பேதைமை. அவனிடம் எக்கம்பெனியும் நஷ்டக் கணக்குக் கேட்கலாகாது. ஒரு விமானியின் எச்சரிக்கை வந்தவுடன் பாதையை நிறுத்திப் பரிசீலிப்பதே நிலைய அதிகாரிகளின் முதற்கடமையாதல் வேண்டும். பிரயாணிகளாகிய நாமும் பொறுமை காக்கக் கற்க வேண்டும். காற்றை அடக்க நம்மால் இயலாது. அவசரத்தை அடக்க இயலும்.