தலைச்சன் பிள்ளை யார்?

சென்ற மாதம் நம் சங்க விழாவில் ஒரு தாய் தம் இரு பிள்ளைகளையும் எனக்கு அறிமுகப்படுத்தினார். "பெரியவன் ரொம்பப் பொறுப்பு சார். சின்னது ஒரே வால். கடைக்குட்டி இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார். பெரியவனுக்கு ஒன்பது வயது இருக்கும். தம்பியின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததிலிருந்து என் மனத்தில் ஓடும் சில எண்ணங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பிறந்த வரிசைதான் குணத்தை அமைக்கிறது என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. 'மூத்தது மோழை, இளையது காளை' என்பது நம் பழமொழி. ஆஸ்திரிய மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937) இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார். மூத்தது பொறுப்பு மிக்கது, நடுப்பிள்ளை போட்டி போடும், கடைசிப்பிள்ளை செல்லம் என்றார். 1996இல் ஃபிராங்க் சல்லோவே என்ற அமெரிக்கர், பழைய மரபை எதிர்த்துக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்களே என்று பெரிய புத்தகம் எழுதினார்.

ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தபோது கதை மாறியது. அமெரிக்காவில் 3,77,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வரிசைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு, இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது என்று அதில் தெரிந்தது. அறிவுத்திறன் தேர்வில் மட்டும் மூத்தவர்கள் சற்று முந்துகிறார்கள். நார்வே நாட்டில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட சுமார் 2,40,000 இளைஞர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2007இல் சொன்னது இது: மூத்தவருக்கும் இரண்டாமவருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு புள்ளி. ஆனால் மூத்த பிள்ளை சிறு வயதிலேயே இறந்துபோன வீடுகளில், இரண்டாமவர் மூத்தவருக்குச் சமமாகவே மதிப்பெண் வாங்கியிருக்கிறார். ஆகவே விஷயம் கருப்பையில் இல்லை. வீட்டில் எந்த இடத்தில் வைத்து வளர்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

மும்பைத் தமிழர்களான நமக்கு இதை விளக்க இன்னொரு வழியும் உண்டு. ஊரில் பிள்ளையார் அண்ணன், பிரம்மச்சாரி. தம்பி முருகனுக்கு வள்ளி, தெய்வானை இருவர். இங்கே மராட்டியர் வழக்கில் கார்த்திகேயர்தான் அண்ணன், அவர்தான் பிரம்மச்சாரி. தம்பி கணபதிக்கு ரித்தி, சித்தி இருவர். செட்டா நகர் முருகனைக் கும்பிட்டுவிட்டு விநாயக சதுர்த்திப் பந்தலுக்குப் போகிற நாம் இதை யோசிப்பதில்லை. வரிசை மாறியதும் சுபாவமும் மாறிவிட்டது. மாறாதது ஒன்றுதான். இரண்டு இடத்திலும் விட்டுக்கொடுத்தவர் மூத்தவர்.

இனி என் வீட்டுக் கதை. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்தவர் என் தந்தை. ஒற்றை அறை, ஐந்து பிள்ளைகள். 'தலைச்சன் படிச்சிட்டா மத்ததுகளத் தூக்கி விட்டுருவான்' என்று சொல்லி என்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. தம்பிகளின் படிப்புக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் என் சம்பளம் உதவியது. 'மூத்தவன்னா இவனைப்போல இருக்கணும்' என்று உறவினர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைப் பல ஆண்டுகள் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

உண்மை என்னவென்றால், எனக்கு முன்பே அந்த வீட்டில் ஓர் அக்கா பிறந்திருந்தாள். விடியற்காலை நான்கு மணிக்குப் பொதுக்குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்தது அவள். எங்கள் நால்வரையும் இடுப்பில் சுமந்தது அவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவதோடு அவள் படிப்பு நின்றது. நான் திணறிய கணக்குக்கு அரிசி களைந்துகொண்டே விடை சொல்லுவாள். அவளைத் தலைச்சன் என்று யாரும் சொன்னதில்லை. சுமை மூத்தவளுக்கு, பெயர் மூத்தவனுக்கு.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. பொருளியல் அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலுமாக 1,68,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் உயரத்தை ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் நாட்டில் அடுத்தடுத்துப் பிறக்கும் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிட மிகவும் பின்தங்குகிறார்கள். மூத்த மகனுக்கு நாம் காட்டும் தனிச்சலுகையே இதற்குக் காரணம் என்கிறார்கள் இருவரும். வரிசையைப் பார்த்துச் சோறும் கவனிப்பும் பங்கிட்டுவிட்டு, பிறகு அதையே பிறவிக்குணம் என்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவிடம், "உனக்கு வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன். "அத இப்பக் கேட்டு என்னலே செய்யப் போற?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் பழுதுபார்க்க வரும் பெட்டி, வண்டியில் எத்தனையாவதாக ஓடியது என்று நாங்கள் கேட்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, சக்கரத்தை அளந்து, துருவைத் தட்டிப் பார்த்தே முடிவு செய்வோம். சி.எஸ்.எம்.டி. வந்து சேரும் லோக்கலைப் பாருங்கள். வரும்போது முதல் பெட்டி, திரும்பும்போது கடைசிப் பெட்டி. பெட்டி மாறவில்லை, இடம்தான் மாறியது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. பிள்ளையை அறிமுகப்படுத்தும்போது அதன் பெயரையும் அதற்குப் பிடித்ததையும் சொல்லுங்கள், வரிசையைச் சொல்லாதீர்கள். வீட்டு வேலையை ஆண், பெண் பாராமல் முறைவைத்துப் பங்கிடுங்கள். 'நீ பெரியவன், நீ விட்டுக்கொடு' என்பதை ஒரு வாரம் சொல்லாமல் இருந்து பாருங்கள்.

அந்த ஒன்பது வயதுப் பையனும் ஓடி விளையாடட்டும். தம்பியின் செருப்பைத் தம்பியே தூக்கி வரட்டும்.