இரவல் ஒளியா?

வியன்னா நகரின் பெல்வெடியர் கலைக்கூடத்தில் 1882ஆம் ஆண்டு தீட்டப்பெற்ற பேரோவியம் ஒன்று உண்டு. 'பிராட்டரில் இளவேனில்' என்பது அதன் பெயர். தன்யூபு ஆற்று வெள்ளம் நெடுங்காலம் வண்டலிட்டு வளர்த்த கரைவெளியே பிராட்டர். ஈர மண், தேங்கிய நீர், தளிர்க்கும் மரங்கள், புல்வெளியில் சிற்றுருவங்களாய் மாந்தர். எல்லாவற்றுக்கும் மேலே ஒளி ததும்பும் அகன்ற வானம். இதனைத் தீட்டியவர் தீனா பிளாவ் என்னும் பெண்மணி.

இவரைப் பற்றி எழுதப் புகுவோர் பலர், எமில் யாக்கோப் ஷிண்ட்லரின் மாணவி என்று முதல் வரியிலேயே முத்திரையிட்டுவிட்டு மேற்செல்வர். ஷிண்ட்லர் பிறந்தது 1842இல். பிளாவ் பிறந்தது 1845இல். மூன்றாண்டு மூப்பு ஒருவரை ஆசானாக்கிவிடுமா? பிளாவுக்கு ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. வியன்னாவில் ஆகஸ்ட் ஷேஃபரிடமும் மியூனிக்கில் வில்லெம் லிண்டன்ஷ்மிட்டிடமும் அவர் பயின்றார். ஷிண்ட்லரோடு அவர் பகிர்ந்துகொண்டது பிராட்டரில் இருந்த ஓவியக்கூடத்தை; சேர்ந்து மேற்கொண்டது 1875ஆம் ஆண்டின் ஆலந்துப் பயணத்தை. ஒரே கிணற்றில் நீர் இறைத்த இருவருள் ஒருவரை மட்டும் மற்றவர் குடத்தில் மொண்டவர் என்பது என்ன நீதி?

ஷிண்ட்லருக்கு மாணவரே இல்லையோ எனின், உண்டு. மரி எக்னர், ஓல்கா விசிங்கர் புளோரியன், கார்ல் மோல் ஆகியோர் அவரிடம் கற்றவர்களே. அவர் பெருங்கலைஞர் என்பதிலும் ஐயமில்லை. இரவலாக ஒரு மாணவியைச் சேர்த்துத்தான் அப்பெருமையைத் தாங்கி நிறுத்த வேண்டுமா?

பட்டத்தில் என்ன இருக்கிறது, படம் நன்றாயிருந்தால் போதாதா என்பர் சிலர். போதாது. அச்சொல் படத்தைப் பார்க்கும் கண்ணையே மாற்றிவிடுகிறது; பிளாவின் வானத்தில் ஷிண்ட்லரின் கையைத் தேட வைக்கிறது. ஆனால் நடந்தது என்ன? 1882இல் வியன்னா ஓவியர் சங்கத்தின் கண்காட்சிக்கு இப்படம் வந்தபோது, வெளிச்சம் மிகுதி என்று தேர்வுக் குழுவினர் தள்ளிவிட முனைந்தனர். ஹன்ஸ் மாக்கார்ட் பரிந்து நின்றதால் இடம் கிடைத்தது. மறு ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் அதே படம் சிறப்புக் குறிப்புப் பெற்றது. ஆசானின் அடிச்சுவட்டில் நடந்த கைதான் இதைத் தீட்டியது என்றால், அவ்வூர்த் தேர்வாளர் கண் அவ்வளவு கூசியிருக்குமா?

பட்டத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வியன்னா நுண்கலைக் கழகம் 1920 வரை பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, ஒரு பெண்ணின் திறமைக்கு எங்கேனும் ஓர் ஆணின் பெயரை மூலமாகக் காட்ட வேண்டியிருந்தது. கதவை அடைத்தவர்களே, உள்ளே வந்து நின்றவரைப் பார்த்து, "உன்னை அழைத்து வந்தவர் யார்?" என்று கேட்ட கதை இது!

1897இல் வியன்னாவில் பெண்களுக்கென ஒரு கலைப்பள்ளி எழுந்தது. அதனை உருவாக்கியவர்களுள் பிளாவும் ஒருவர்; 1915 வரை அங்குக் கற்பித்தார். மாணவி என்னும் சொல்லின் பொருளை நன்கறிந்த அவர், தம் பெயரோடு அதனை ஒட்டவைப்பதை மட்டும் வாழ்நாள் முழுதும் மறுத்தார்.